அப்ஜெக்‌ஷன் அங்கிளும் எலுமிச்சம்பழமும்

டெக்சாஸ் மாநிலத்திலேயே அப்ஜெக்‌ஷன் அங்கிள் எதிர்ப்பு சொல்லாத ஒரே பொருள், அவர் சம்சாரம் போடும் காபி. அதுவும் பயத்தினால்தான்.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில், சாம்பாரில் முருங்கைக்காய் இல்லையா? "அப்ஜெக்‌ஷன்!" ஆறு மணி என்று அழைத்துவிட்டு எட்டரைக்கு கேக் வெட்டுகிறார்களா? "அப்ஜெக்‌ஷன்!" கோயில் பார்க்கிங்கில் அவர் தலை தெரிந்தால் நான் அடுத்தவர் கார் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

அவரிடமே போய் நிற்கும் காலம் எனக்கும் வந்தது. எங்கள் நிலாவுக்கு ஏழு வயது. பேச்சு வராது. டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் அது அவளுக்காகப் பேசும். வகுப்பில் பக்கத்திலேயே ஒரு உதவி டீச்சர் இருப்பார். பள்ளி மீட்டிங்கில், "இனி நிலா தனியாகவே சமாளிப்பாள்" என்று தேனாகப் பேசினார்கள். நானும் என் மனைவி சுதாவும் நன்றாகத் தலையாட்டினோம். நம்ம ஊரில் அதற்கு 'உம், கேட்கிறேன், சொல்லுங்க' என்று அர்த்தம். அவர்களோ 'பெற்றோர் சம்மதம்' என்று எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை உதவி டீச்சர் இல்லை. குழந்தை டேப்லெட்டைத் தொடுவதையே விட்டுவிட்டாள். நேரே அங்கிள் வீட்டுக்கு ஓடினேன்.

"தலைய ஆட்டினியா?" என்றார் அங்கிள்.

"மரியாதைக்குத்தானே அங்கிள்..."

"நல்லா வச்ச போ மரியாதை! இதே மாதிரி என் பையனுக்காக இந்த ஸ்கூல்காரங்களோட எத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருக்கேன் தெரியுமா? சட்டம் நம்ம பக்கம்தான். கேஸ் போடு."

போட்டோம். விசாரணைக்கு முன்னால் பயிற்சி. எங்களை சோஃபாவில் உட்காரவைத்து, ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தைத் தலையில் வைத்தார் அங்கிள். அவர் எது சொன்னாலும் பழம் விழக்கூடாது. வெயில், விசா, வீட்டு விலை எல்லாம் பேசினார். நான் கல் மாதிரி இருந்தேன்.

"வடை சாப்பிடறியாப்பா?"

பழம் உருண்டு டிவிக்கு அடியில் போய்விட்டது.

"அப்ஜெக்‌ஷன்! வடைக்கே இப்படின்னா வக்கீலுக்கு என்ன பண்ணுவே?"

விசாரணை நாள். அங்கிள் கோட்டும் டென்னிஸ் ஷூவுமாக எங்கள் பின்னால் உட்கார்ந்தார். காரசாரமாகப் போனது. கடைசியில் பள்ளித் தரப்பு வக்கீல் இறங்கிவந்து, "உதவி டீச்சரைத் திரும்பத் தருகிறோம். சம்மதமா?" என்று கேட்டார்.

நாங்கள் அசையவில்லை. பயிற்சி அப்படி. சந்தோஷத்தில் வாயும் திறக்கவில்லை. வக்கீல் கர்ச்சீப்பை எடுத்தார். "வாரத்துக்கு இன்னொரு பேச்சுப் பயிற்சியும் சேர்த்து..."

அப்போதும் சுதா கண்ணைக்கூட சிமிட்டவில்லை.

பின்னாலிருந்து அங்கிளின் குரல், சுத்தத் தமிழில்: "அடேய், இப்ப ஆட்டுங்கடா!"

ஆட்டினோம் பாருங்கள், கழுத்து சுளுக்கிக்கொள்ளும்வரை.

உதவி டீச்சர் வந்தார். நிலா மறுபடி டேப்லெட்டை எடுத்தாள். போன ஞாயிறு அங்கிளைச் சாப்பிடக் கூப்பிட்டோம். "அப்ஜெக்‌ஷன்னு ஒரு பட்டன் இல்லாம இது என்ன மெஷின்?" என்று அடம்பிடித்து, தன் போட்டோவையே ஒட்டி ஒரு பட்டன் சேர்க்க வைத்தார். ரசத்துக்கு மூன்று குறை சொன்னார், மூன்று முறை வாங்கிக் குடித்தார்.

"அப்ப வரட்டுமா?" என்று எழுந்து ஒரு ஷூவை மாட்டிவிட்டார். நிலா அவரையே பார்த்தாள். டேப்லெட்டை இழுத்து, திரையில் இருந்த அவர் முகத்தில் விரல் வைத்தாள்.

"அப்ஜெக்‌ஷன்!" என்றது டேப்லெட்.

அங்கிள் இன்னொரு ஷூவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒற்றை ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இருங்க அங்கிள். நீங்க கிளம்பறதுல எங்க மூணு பேருக்குமே அப்ஜெக்‌ஷன்தான்.