சோஃபியைக் கூட்டினு வரப் போன கதை

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், சோஃபின்னு ஒருத்தரைக் கூட்டினு காலேஜுக்கு வரணும். அவ்ளோதான்.

நான் பி.காம் ரெண்டாம் வருஷம். முசரவாக்கத்துலேந்து டெய்லி பஸ்ல வந்துபோறவ. எங்க காலேஜுல வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸோட பழகுறதுக்குன்னு ஒரு கிளப் இருக்குது. வருஷக் கடைசியில அதுலேந்து நாலு பேரை மலேசியாவுக்குக் கூட்டினு போவாங்க. அந்த நாலு பேர்ல ஒருத்தியா ஆகணும்னுதான் சேந்தேன். ஆனா ஒரு மீட்டிங்ல கூட வாயத் தொறந்தது இல்ல. இங்கிலீஷ்ல யாராவது உன் பேர் என்னன்னு கேட்டா, பேரே மறந்துபோவும்.

கிளப்பைப் பாத்துக்குற கல்பனா மேடம் என் மேல பாவப்பட்டு இந்த வேலையைக் குடுத்தாங்க. ஃப்ரான்ஸ்ல படிக்கிற பொண்ணு, பாண்டிச்சேரி பஸ்ல பத்து மணிக்கு வந்து இறங்குவா, பதினொன்றரைக்கு நம்ம ஹால்ல பேசணும்னாங்க. நான் போட்டோ கேக்கல. ஃப்ரான்ஸ்காரி எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதா?

அட்டையில சோஃபின்னு இங்கிலீஷ்ல கொட்டை எழுத்துல எழுதிக்கினு போய் நின்னேன். வரவேற்கறதுக்கு அஞ்சு இங்கிலீஷ் வாக்கியம் மனப்பாடம்.

பஸ் வந்துச்சு. எல்லாரும் இறங்கினாங்க. வெள்ளையா ஒருத்தரும் இல்ல.

என் நிறத்துல, சுருட்டை முடியோட, முதுகுல பெரிய பை மாட்டிக்கினு ஒரு அக்கா மட்டும் நேரா என்கிட்ட வந்தாங்க. அட்டையைத் தொட்டுக் காட்டி, "மீ... சோஃபி"ன்னு சிரிச்சாங்க.

அட்டையைப் படிக்கிறாங்கன்னு நினைச்சேன். "ஆமாக்கா, சோஃபிதான். வெள்ளக்காரப் பொண்ணு. பஸ்ல பாத்தீங்களா?"

தலைய ஆட்டினாங்க. நான் எது சொன்னாலும் ஆட்டினாங்க.

அப்பதான் மாலை வாங்கலன்னு ஞாபகம் வந்துச்சு. அட்டையை அவங்க கையில குடுத்து, ரெண்டு நிமிஷம் இப்படித் தூக்கிப் புடிச்சிக்கினு இருங்கக்கான்னு செஞ்சே காட்டிட்டு, பூக்கடைக்கு ஓடினேன்.

திரும்பி வந்து பாத்தா, அட்டைக்குப் பக்கத்துல வெள்ளக்காரம்மா ஒருத்தர் நிக்கிறாங்க. தொப்பி, கழுத்துல கேமரா. வயசு எப்படியும் அறுபது இருக்கும். பொண்ணுன்னு சொன்னாங்களேன்னு ஒரு செகண்ட் இடிச்சுது. வெளிநாட்டுல எந்த வயசுலயும் படிப்பாங்கன்னு எங்கியோ கேட்டிருந்தேன். மாலையைப் போட்டுட்டேன்.

அந்தம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கை எடுத்துக் கும்புட்டாங்க.

ஆட்டோவுல ஏத்தினேன். அட்டை அக்காவும் ஏறி உக்காந்துட்டாங்க. "அக்கா, இது ஷேர் ஆட்டோ இல்லக்கா"ன்னேன். அதுக்கும் சிரிப்புதான். சரி, உதவி பண்ணவங்களாச்சே, போற வழியில இறக்கி விட்டுடலாம்னு விட்டேன்.

ஆட்டோ கிளம்பினதும் ரெண்டு பேரும் ஃப்ரெஞ்சுல பேச ஆரம்பிச்சிட்டாங்க. இந்த அக்கா டூரிஸ்ட் கைடு போலக்குது, என் சோஃபியைப் பேசியே கோயிலுக்குத் தள்ளினு போயிடப் போறாங்கன்னு, வெள்ளக்காரம்மா கையைக் கெட்டியாப் புடிச்சிக்கினேன். காலேஜ் கேட் வரைக்கும் விடல.

கேட்டுல மேடம் சந்தனத் தட்டோட நின்னாங்க. ஒரு தடவை போன்ல இருந்த போட்டோவைப் பாத்தாங்க, ஒரு தடவை எங்களைப் பாத்தாங்க. நேராப் போய் அட்டை அக்காவுக்குக் கை குடுத்து, "வெல்கம், சோஃபி"ன்னாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, மாலை போட்டவங்களைக் காட்டி மெதுவா கேட்டாங்க. "இவங்க யாரும்மா?"

எனக்கும் அதேதான் தெரியணும்.

விசாரிச்சா, அந்தம்மா பெல்ஜியத்துலேந்து ஏகாம்பரநாதர் கோயிலைப் பாக்க வந்தவங்க. அட்டை வெச்சிக்கினு நின்னவங்ககிட்ட வழி கேட்டிருக்காங்க. நான் மாலை போட்டதும், கோயில்லேந்தே ஆள் அனுப்பியிருக்காங்கன்னு நம்பிட்டாங்க. சோஃபி என்னடான்னா, அந்தம்மாவும் காலேஜுக்கு வந்த விருந்தாளின்னு நினைச்சிருக்காங்க.

மேடம் திட்டல. "நடந்ததை மேடையில நீயே சொல்லு. இங்கிலீஷ்ல"ன்னாங்க. திட்டியிருந்தா தேவலை.

மனப்பாடம் பண்ண அஞ்சு வாக்கியத்துல ஒண்ணு கூட இதுக்கு ஆவல. மைக்கைப் புடிச்சேன். "ஐ புட் கார்லண்ட். ராங் நெக்"னு ஆரம்பிச்சேன். ஹாலே சிரிச்சுது. இதுக்கு மேல போறதுக்கு மானம் எதுவும் மிச்சம் இல்லன்னு ஆனப்புறம் இங்கிலீஷ் தானா வருதுபா. கிராமர் இல்ல, ஆனா நிக்காம வந்துச்சு. மேடம்தான் மைக்கை வாங்க வேண்டியதாப் போச்சு.

அடுத்து சோஃபி தட்டுத் தடுமாறி இங்கிலீஷ்ல பேசினாங்க. அவங்க ஊரு ஃப்ரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவு, இந்தியப் பெருங்கடல்ல இருக்குது. பாட்டனோட பாட்டன் இந்தப் பக்கத்துலேந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறினவராம். எந்த ஊருன்னு வீட்டுல யாருக்கும் தெரியாது, தமிழும் போயிடுச்சு. இங்க விருந்தாளியே தன் பேரைத் தூக்கிப் புடிக்கிறது வழக்கம் போலன்னு நினைச்சு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்னாங்க. அதுக்கும் ஹால் சிரிச்சுது.

அப்புறம் என்னைப் பாத்துக் கேட்டாங்க, நீ என்னைத் திரும்பத் திரும்ப ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டியே, அக்கான்னு, அப்படின்னா என்னன்னு.

"பிக் சிஸ்டர்"ன்னேன்.

மேடையிலேந்து இறங்கி வந்து என் பக்கத்துல உக்காந்துக்கினாங்க. வழியில இறக்கி விடலாம்னு நான் பாத்த மனுஷி.

சாயங்காலம் மூணு பேருமா கோயிலுக்குப் போனோம். பெல்ஜியம் அம்மா மாலையைக் கழட்டவே இல்ல.

மறுவாரம் மலேசியா லிஸ்ட் வந்துச்சு. நாலாவது பேரு என்னுது. கூடவே மேடம் என்னை வரவேற்புக் குழுவுலேந்து எடுத்து, வழியனுப்புற குழுவுல போட்டுட்டாங்க. ஊருக்குப் போறவங்களை யாராலயும் மாத்தி அனுப்ப முடியாதுன்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை.

எனக்கு அந்த நம்பிக்கை இல்ல.