கரியைத் துறந்த கைகள்

உலகத்தில் துறவிகளுக்குப் பஞ்சமே இல்லை. பொன்னைத் துறந்தவர்கள் உண்டு, மண்ணைத் துறந்தவர்கள் உண்டு. ஆனால் நிலக்கரியைத் துறந்தவர்கள் என்று பார்த்தால், அந்தக் கல்வி அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவுக்கு நிகர் யாருமில்லை. அதையும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் செய்து முடித்தார்கள்.

இந்த வைபவத்தை நேரில் பார்க்கும் பாக்கியம் ஜெனரேட்டர் அண்ணனுக்கு வாய்த்தது. முப்பத்தொரு வருஷமாக அறக்கட்டளையின் ஜெனரேட்டரை ஓட்டுகிறவர் அவர். கரண்ட் போனால் மாற்றிவிடும் ஸ்விட்ச் கூட்ட அறையில், திரைக்குப் பின்னால் இருந்தது. எனவே கூட்டம் நடக்கும்போதெல்லாம் அவரும் திரைக்குப் பின்னால் இருந்தாக வேண்டும். அன்று அவர் சட்டைப் பையில் ஒரு மனு இருந்தது. மனைவிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன, அடுத்த மாதம் ஆபரேஷன். ஊழியர் ஓய்வு நிதியில் சேர்ந்திருந்த தன் பணத்திலிருந்து முன்பணம் கேட்டு எழுதியிருந்தார்.

அறக்கட்டளையின் பணம் ஒரு நிலக்கரிக் கம்பெனியின் பங்குகளில் சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மாணவர்கள் அதைத் தோண்டியெடுத்து, "கரிக்காசில் படிக்க மாட்டோம்" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். உடனே "அவசர மனசாட்சிக் கூட்டம்" கூடியது.

"வித்துடலாம்" என்றார் தலைவர்.

"யாருக்கு?" என்றார் பொருளாளர். "கெட்டவங்களுக்கு வித்தா நமக்குப் பேர் கெட்டுப்போகும். நல்லவங்க வாங்க மாட்டாங்க."

மணிக்கணக்குக்குக் கட்டணம் வாங்கும் அறநெறி ஆலோசகர் தொண்டையைச் செருமினார்.

"நல்லவங்களாவும் இருக்கணும், கேள்வியும் கேக்கக் கூடாது. அப்படி யாராவது இருக்காங்களா?"

"நம்ம ஊழியர் ஓய்வு நிதி!" என்று மேஜையைத் தட்டினார் தலைவர்.

எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்தது. ஓய்வு நிதிக்கும் இந்தக் குழுவின் அதே ஐந்து பேர்தான் நிர்வாகிகள். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? விற்பவர் மேஜைக்கு இந்தப் பக்கம், வாங்குபவர் அந்தப் பக்கம். தலைவர் இந்தப் பக்கம் உட்கார்ந்து, எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து ஒரு விலை சொன்னார். பிறகு எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குங்களே" என்றார் பணிவாக.

திரும்ப இந்தப் பக்கம் வந்தார். "ஒரு பைசா குறையாது!"

மறுபடி அந்தப் பக்கம். "சரிங்க. உங்களைப் பாத்தா நல்லவர் மாதிரி தெரியுது."

குழு கைதட்டியது. "நீண்ட, கடுமையான பேச்சுவார்த்தைக்குப் பிறகு" என்று பொருளாளர் எழுதினார். மூச்சு வாங்கிய தலைவருக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

திரை விலகியது. "ஐயா, அது எங்க பணமாச்சுங்களே?" என்றார் ஜெனரேட்டர் அண்ணன்.

"அதனாலதான்யா உங்ககிட்ட நம்பி ஒப்படைக்கிறோம்" என்றார் தலைவர், கண் கலங்க.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி சுவரைப் பிடித்தபடி நின்று கேட்டாள். "கரிக் கம்பெனி வாங்கற அளவுக்கு நாம எப்பங்க பணக்காரங்க ஆனோம்?"

"இன்னிக்கு மத்தியானம்."

மறுநாள் தலைவர் நிருபர்களைக் கூப்பிட்டு, "நிலக்கரி செத்துப்போச்சு! அதில் பணம் போட்டவன் முட்டாள்!" என்று முழங்கினார். பெரிய மனிதர் சொன்னால் சந்தை கேட்காமல் இருக்குமா? பங்கு விலை சரசரவென்று இறங்கியது. விற்றுவிட்டுத்தான் பேசினார் என்பதிலிருந்தே அவருடைய தீர்க்கதரிசனத்தைப் புரிந்துகொள்ளலாம்.

ஓய்வு நிதி அதிகாரி ஜெனரேட்டர் அண்ணனின் மனுவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இப்ப பங்கு விழுந்து கெடக்கு அண்ணே. எழுந்திரிக்கட்டும், தர்றேன்."

"என் வீட்டுக்காரி எழுந்திரிக்கறதுக்குத்தான் சார் கேக்கறேன்."

"ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன். முட்டி எங்க போயிடப் போகுது?"

அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் போனார்.

அடுத்த மாதம் தலைவருக்குப் "பசுமைச் செம்மல்" விருது. படம் காட்டுவதற்காக அரங்கின் ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். மாணவர்கள் நிரம்பி வழிந்தார்கள். அரங்கிலும் ஸ்விட்ச் திரைக்குப் பின்னால்தான்; பக்கத்தில் வழக்கம்போல ஜெனரேட்டர் அண்ணன்.

"கரியை விடாம கட்டிப் பிடிச்சுக்கிட்டிருக்கிற சில பேர் இந்த வளாகத்திலேயே இருக்காங்க" என்று தலைவர் மைக்கில் வருத்தப்பட்டார். "ஊழியர் ஓய்வு நிதியைத்தான் சொல்றேன். அவங்களுக்கும் ஒருநாள் மனசாட்சி வரும். ஆனா என்னைப் பாருங்க." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "இந்தக் கையில எங்கயாவது கரி இருக்கா?"

பட்டென்று கரண்ட் போனது. மைக் செத்தது. ஏசி செத்தது. கும்மிருட்டு.

"ஜெனரேட்டரைப் போடுய்யா!" தலைவரின் குரல் மட்டும் மெலிதாக வந்தது.

"அது டீசல்ல ஓடுதுங்க ஐயா" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். முப்பத்தொரு வருஷம் இயந்திரச் சத்தத்தோடு போட்டி போட்ட குரல், அதற்கு மைக் தேவைப்படவில்லை. "டீசலும் கரியும் பங்காளிங்க. போட்டா உங்க விருது கெட்டுப்போயிடுமே."

இருட்டில் மாணவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"நாங்க துறந்தது கரியை மட்டும்தான்யா! போடு!"

"எங்கங்க ஐயா துறந்தீங்க? மேஜையைச் சுத்தி வந்து எங்க மேல தொடைச்சிட்டுப் போனீங்க. கையில தேடினா கிடைக்காது. உங்க கரி இப்ப என் வீட்டுக்காரி முட்டியில இருக்கு."