கரையும் குழாய் வரும்வரை பொறு

மரக்காணத்துப் பக்கம் நாரை பார்க்கவும் பூநாரை பார்க்கவும் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறீர்களே, எங்கள் ஊரில் வருஷம் பூராவும் கிடைக்கிற ஓர் உயிரினத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பெயர் பொறுசாமி. தேடி அலைய வேண்டாம். எதையாவது வாங்கப்போவதாக உரக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு செருமல் கேட்கும்.

"க்கும்... ஏம்பா, இப்பப் போயி யாராச்சும் வாங்குவாங்களா? புதுசு ஒண்ணு வந்துனே இருக்குது. கொஞ்சம் பொறு."

இந்த இனத்தின் தலைவர் எங்கள் பக்தவச்சலம், கொஞ்சம் உப்புப் பாத்திக்குச் சொந்தக்காரர். மடிக்கிற போன் வருகிறது என்று ஒருவனைப் போன் வாங்கவிடாமல், சோலார் வருகிறது என்று இன்னொருவனை மோட்டார் வாங்கவிடாமல், இதைவிட நல்ல இடம் வருகிறது என்று மூன்றாமவனைக் கல்யாணம் கட்டவிடாமல் தடுத்து, இன்றைக்கு அந்த மூன்று பேரையும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார். அவர் மட்டும் எதற்காவது பொறுப்பாரா? வானத்தில் ஒரு கறுத்த மேகம் தெரிந்தால் போதும், உப்புக் குவியலை மூடத் தார்ப்பாயோடு ஓடுகிற முதல் ஆள் அவர்தான்.

அவர் பாத்தியில் வேலை பார்ப்பவர் சவரிமுத்து. பாத்தித் தரையை வெறுங்காலால் மிதித்து இறுக்குகிற ஆள். அவருடைய இடது கால் சுண்டுவிரல் கறுத்தது. பாத்தியில் இறங்குகிற எல்லோர் காலிலும் உப்புப் புண் இருக்கும், இதுவும் அதுதான் என்று எண்ணெய் தடவி விட்டுவிட்டார்கள். பாண்டியில் காட்டியபோது டாக்டர் வேறு சொன்னார். காலுக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, அவர் காலிலிருந்தே ஒரு ரத்த நரம்பை எடுத்து மாற்றுவழி போட வேண்டும், தள்ளிப் போட்டால் பாதமே போய்விடும்.

சவரிமுத்துவுக்குக் கத்தி என்றால் பயம். பயந்தவனுக்குப் பொறுசாமி கிடைத்தால் கேட்க வேண்டுமா?

"க்கும்... சவரி, வீடியோ பாத்தேன். கரைஞ்சி போற கொழாய் ஒண்ணு கண்டுபுடிச்சிட்டான். உள்ள வெச்சா அது பாட்டுக்குக் கரையும். கரையக் கரைய நம்ம ஒடம்பே புதுக் கொழாய் கட்டிக்கும். அதுல வளர்ச்சி ஊக்கின்னு ஒண்ணு தடவுறான், உளுந்துக்கு அடிக்கிறோம்ல, அந்த மாதிரி. இத வுட்டுட்டு, சொந்தக் கால்லேருந்து பழைய நரம்ப உருவி ஒட்டுப் போடுவியா? கொஞ்சம் பொறு."

சவரிமுத்து சந்தோஷமாகப் பொறுத்தார். டாக்டர் கொடுத்த தேதி போனது. விரலுக்கு வீடியோ பார்க்கத் தெரியாதே. அது பாட்டுக்கு இன்னும் கறுத்தது.

ஒரு காலையில் அவர் மனைவி சகாயசெல்வி நேராக டீக்கடைக்கு வந்தாள்.

"கெளம்புங்கண்ணா."

"எங்கம்மா?"

"ஆஸ்பத்திரிக்கு. அந்தக் கொழாய் எந்த பஸ்ல வருதுன்னு நீங்களே டாக்டராண்ட கேட்டுச் சொல்லுங்க."

தேதி கொடுத்திருந்த டாக்டர் தமிழ்நிலா விரலைப் பார்த்து முகம் சுளித்தார். பக்தவச்சலம் செருமி, கரையும் குழாயைப் பற்றிக் கேட்டதும் டாக்டர் நிமிர்ந்தார்.

"அட, அதெல்லாம் தெரியுமா சார்? விஷயம் நெஜம்தான். ஆனா அளவுதான் கஷ்டம். ஊக்கி கம்மியா போனா, ஒடம்பு செவுரு கட்டறதுக்குள்ள கொழாய் கரைஞ்சி வெடிச்சிடும். அதிகமா போனா, உள்ளயே சதை வளந்து அடைச்சிக்கும். அதான் ஆட்டுக்கெல்லாம் வெச்சி வெச்சிப் பாக்குறாங்க. சில எடத்துல மனுசங்களுக்கும் ஆரம்பிச்சிருக்காங்க. நம்ம வார்டுக்கு இன்னும் வரல."

"ஆட்டுக்கா?" என்றாள் சகாயசெல்வி. "அப்ப ஆட்டுக்குக் கால் சரியாவட்டும்னுதான் எங்க வூட்டுக்காரர நொண்ட வுட்டீங்களாண்ணா?"

செருமப்போன பக்தவச்சலம் டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவருக்கு இன்னிக்கே பண்ணணும்," என்றார் டாக்டர். "பழைய நரம்புதான். ஆனா இப்ப, இங்க இருக்குது."

பாதம் பிழைத்தது. சுண்டுவிரல் பிழைக்கவில்லை. டாக்டர் சொன்ன தேதியிலேயே வந்திருந்தால் அதுவும் இருந்திருக்கும்.

வீடு திரும்பியவரைப் பார்க்க பக்தவச்சலம் ரொட்டியும் ஆரஞ்சுமாக வந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிறவிக் குணம் தொண்டையில்தானே இருக்கிறது?

"க்கும்... சவரி, கவலப்படாத. பல்லிக்கு வாலு மொளைக்குதுல்ல? அந்த மாதிரி வெரலு மொளைக்கிறதுக்கு ஒண்ணு வந்துனே இருக்குதாம். கொஞ்சம்..."

மீன் ஆய்ந்துகொண்டிருந்த சகாயசெல்வி அருவாமனையிலிருந்து நிமிர்ந்தாள்.

"சொல்லுங்கண்ணா. கொஞ்சம்?"

செருப்பை மாட்டக்கூட அவர் பொறுக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆமாம், அந்தக் கடைவாய்ப் பல் இப்போது எப்படி இருக்கிறது? வலிக்காமல் பிடுங்குகிற மெஷின் வரட்டும் என்று போன பொங்கலுக்குச் சொன்னீர்களே. குரல் எனக்கு எங்கோ கேட்ட குரலாக இருந்தது.

எங்கே, ஒரு தடவை செருமுங்கள், பார்க்கலாம்.