மாமனார் கொண்டுவந்த கட்டம்

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். என்னைக் காட்டிக்கொடுத்தது என் மூளைதான். அதுவும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

அப்போது கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஆட்களை ஏற்றி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வலது கண் மங்கிவிட்டது. வண்டி போய்விடுமே என்ற பயத்தில், கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையை இடது கண்ணால் மனப்பாடம் செய்து, வலது கண்ணுக்கும் அதையே ஒப்பித்தேன். (பள்ளியில் இவ்வளவு சிரத்தையாகப் படித்திருந்தால் வேனே ஓட்டியிருக்க மாட்டேன்.) பிறகு காலும் மரத்துப்போனது. நரம்பு டாக்டர் நரம்பு உறையைக் கெடுக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, கண் நரம்புக்கு மின்பரிசோதனை எழுதினார்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த போனை எடுத்தது என் மனைவி செல்வி. "தலைக்குக் குளிச்சிட்டு, எண்ணெய் வைக்காம வரணும். கட்டம் காட்டிப் பாக்கணும்" என்றார்களாம். செல்விக்குத் தெரிந்த கட்டம் ஒன்றுதான். வடக்கனந்தலிலிருந்து அவள் அப்பா என் ஜாதகத்தோடு வந்து இறங்கிவிட்டார்.

பரிசோதனைக் கூடத்தில் இருந்த பெண் என் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினாள். "ஷாக் அடிக்குமாம்மா?" என்றேன்.

"அடிக்காதுங்க. ஒரு கண்ண மூடிடுவேன். டிவியில கறுப்பு வெள்ளக் கட்டம் மாறிக்கினே இருக்கும். நடுப்புள்ளிய மட்டும் பாருங்க."

மாமனார் ஜாதகத்தை விரித்தார். "எங்கம்மா மாறுது? மாப்ளைக்கு எட்டுல சனி. இன்னும் ஒன்ற வருசத்துக்கு ஒண்ணும் மாறாது."

"ஐயா, அது வேற கட்டம்ங்க. கொஞ்சம் வெளிய இருங்க."

நான் எழுத்துகளை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டு, "எழுத்து எப்பம்மா கேப்பீங்க?" என்றேன்.

"கேக்க மாட்டோம்ங்க. நீங்க எதுவும் சொல்ல வேணாம். உங்க மூளையே சொல்லிடும்."

புள்ளியையே முறைத்தேன். கண்ணில் நீர் வழிந்ததுதான் மிச்சம்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இடது கண்ணுல பாத்தது மூளைக்குச் சரியா போவுது. வலது கண்ணு சேதி லேட்டாப் போய்ச் சேருது. நரம்பு மேல இருக்கற உறை கெட்டிருக்கு." பிறகு எடுத்த ஸ்கேனும் அந்த நோயைத்தான் உறுதி செய்தது.

அன்று டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் செல்வி கேட்டாள். "எத்தினி நாளா கண்ணு தெரியல?"

"ரெண்டு மாசமா."

"போன வாரம் நம்ம பொண்ண ஏத்திக்கினுதான மலைக்குப் போனீங்க?"

வேன் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இப்போது வீட்டில் யாராவது கூப்பிட்டு நான் திரும்பத் தாமதமானால், என் மகள் சொல்வாள்: "இருங்க, அப்பாவுக்கு சேதி போய்க்கினு இருக்கு." மாமனார் முதற்கொண்டு எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். செல்வி மட்டும் இன்றுவரை சிரித்ததில்லை.