சமையலறை வாசலில் சுரப் பேரரசர்

மனித குலத்துக்குக் காது எதற்காக முளைத்தது என்ற கேள்விக்கு விடையாகப் பிறந்தவர் சுரப் பேரரசர். விருதுக் குழுவின் அழைப்பிதழ் அப்படித்தான் சொன்னது. அவருடைய மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள். அப்படியேதான் இருந்தது.

பேரரசரின் 'படைப்புமுறை' மிக நுட்பமானது. பாத்திரம் தேய்க்கும்போது மனைவி மனசுக்குத் தோன்றிய மெட்டை முணுமுணுப்பாள். பேரரசர் சமையலறை வாசலில் பூனை மாதிரி வந்து நின்று கைபேசியில் பிடித்துக்கொள்வார். மறுநாள் ஸ்டூடியோவில் வாத்தியங்களைச் சேர்க்கும் அரேஞ்சரிடம் கொடுத்து, "வயலினைப் போட்டு நிரப்பிடு" என்பார். அரேஞ்சர் நிரப்புவார். படம் ஓடும். மெட்டு எங்கிருந்து வருகிறது என்று நிருபர்கள் கேட்டால் பேரரசர் விரலை மேலே காட்டுவார். சமையலறை கீழ்த்தளத்தில் இருந்தது.

பிறர் இசையை அவர் கேட்பதேயில்லை, தனித்தன்மை கெட்டுவிடுமாம். தன் பழைய பாட்டையும் கேட்பதில்லை, அது தற்பெருமையாம்.

விருது விழாவுக்குப் புத்தம்புது வரவேற்பு இசை வேண்டும் என்று குழு 'பணிவன்புடன்' கோரியது.

"இந்தத் தடவையாவது மேடையில சொல்லுங்க, மெட்டு என்னோடதுன்னு," என்றாள் மனைவி. அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"நீ பாடுறது வெறும் சத்தம்மா. அதை இசைன்னு கண்டுபிடிச்சவன் நான்!"

அன்றிலிருந்து சமையலறையில் பாத்திரங்கள் மட்டும் பேசின. முணுமுணுக்காமல் இருப்பது அவளுக்கு மூச்சை அடக்குவது மாதிரி இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. பேரரசர் தவித்துப் போனார். கழுவி வைத்த தட்டுகளையெல்லாம் எடுத்து வந்து மறுபடி தொட்டியில் போட்டுப் பார்த்தார்.

விழா நெருங்கியபோது அவள் ஒரு நாள் தேய்த்தபடியே எதையோ முணுமுணுத்தாள். கைபேசி பாய்ந்தது.

கேட்ட அரேஞ்சர் தலையைச் சொறிந்தார். "சார், இது எங்கேயோ கேட்ட மாதிரி..."

"நல்ல மெட்டு எல்லாமே அப்படித்தான்யா இருக்கும். வயலினைப் போடு."

அரேஞ்சர் தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வயலின் போட்டார்.

விழாவில் திரை விலகியது. மெட்டு கம்பீரமாக எழுந்தது. முதல் வரிசையில் அமைச்சர் கண்ணை மூடி உருகினார். பின்னால் ஒரு பெரியவர் வாயசைத்தார். அப்புறம் பால்கனி. அப்புறம் அரங்கமே எழுந்து கைதட்டிப் பாடியது:

"சொறியா? சிரங்கா? தடவுங்க, தடவுங்க!"

ஒரு காலத்தில் வானொலியை விடாமல் பிடித்து உலுக்கிய களிம்பு விளம்பரம். அங்கே அது என்னவென்று தெரியாமல் விழித்தவர் ஒருவர்தான். கையில் விருதைப் பிடித்திருந்தார்.

காரில் ஏறியதும் வெடித்தார். "என் மானத்தை வாங்கிட்டியே! அடுத்தவன் மெட்டைத் திருடிக் கொடுக்க உனக்கு எப்படி மனசு வந்துது? எவன் மெட்டு அது?"

"உங்களோடதுதாங்க. நம்ம கல்யாணத்துக்கு முந்தி அந்தக் களிம்புக் கம்பெனிக்குப் போட்டீங்க. அதைக் கேட்டுத்தான் உங்களைக் கட்டிக்கிறேன்னு சொன்னேன். விருது உங்களுக்குத்தானே, அதான் நீங்களா போட்ட ஒரே மெட்டைக் கொடுத்தேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாக, புதிதாக ஏதோ முணுமுணுத்தாள்.

பேரரசரின் கை மெல்லக் கைபேசியைத் தேடியது.