மடிப்பக்காவின் பேஷன் பத்திரிகை

திருநெல்வேலிச் சீமையில் துணியைப் பற்றி யோசித்த ஒரே ஆள் மடிப்பக்காதான். மற்றவர்கள் எடுத்தோம், உடுத்தினோம், துவைத்துக் காயப்போட்டோம். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில், வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். பக்கத்து அறையில் இருந்தவர் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க். 'மடிப்பு' என்றொரு பேஷன் பத்திரிகையைத் தானே எழுதி, டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, பின் குத்தி வெளியிட்டதால் அவர் எங்களுக்கு மடிப்பக்கா. ஆசிரியரின் சொந்த அலங்காரமோ காப்பிப்பொடி நிறத்தில் ஒரு வாயில் சேலை, ஊக்கு மாட்டிய ரப்பர் செருப்பு. கேட்டால், "டாக்டரு என்ன, எல்லா நோயும் வச்சுக்கிட்டா வைத்தியம் பாக்காரு?" என்பார்.

ஜங்ஷனில் பழைய புத்தகக் கடைக்குப் போய், பளபளப்பான பம்பாய்ப் பத்திரிகைகளாக வாங்கி வந்து அடுக்குவார். பிறகு அவற்றைத் திட்டுவார். "படத்துக்கு மேல படம். இவ ஏன் இதை உடுத்துதான்னு ஒரு வரி இருக்கா பாரு."

அவரது முதல் இதழில் மட்டும் படம் இருந்தது. அட்டையில் பட்டுச்சேலைப் பெண். ஜெராக்ஸ் எந்திரம் அவளைக் கரும்பூதமாக்கிவிட்டது. கீழே அக்கா கையால் எழுதிவைத்தார்: 'இது மாம்பழ நிறப் பட்டு. நம்பவும்.' அடுத்த இதழிலிருந்து படமே கிடையாது.

"படமில்லாம என்னக்கா பேஷன் பத்திரிகை?" என்று கேட்டேன்.

"பைய வாசிட்டி. தானா தெரியும்."

தெரியத்தான் செய்தது. முதுகுப் பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட்டைப் பற்றி ஒரு கட்டுரை. மாட்டிவிட வீட்டில் ஆளிருக்கும் என்று தையல்காரருக்கு யார் சொன்னது என்று கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு, தனியறைக்காரி ஒருத்தி அழுதேவிட்டாள். இன்னொரு கட்டுரை, சஃபாரி சட்டைக்கு நாலு பை எதற்கு என்பது. அக்காவின் மேனேஜர் தினமும் சஃபாரியில் வருகிறவர். அதை வாசித்த மறுநாளிலிருந்து நாலு பைகளிலும் எதையாவது திணித்துக்கொண்டு வந்தாராம். குனிந்தால் சீப்பு விழும், நிமிர்ந்தால் மூக்குப்பொடி டப்பா விழும்.

இப்படியே போயிருந்தால் பிரச்சினை இல்லை. அக்கா நைட்டியில் கைவைத்தார்.

விடுதி வாசலில் காய்கறி வண்டி வந்தால், நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்பது வார்டனம்மா போட்ட விதி. அக்கா எழுதினார்: 'அந்தத் துண்டு எதையும் மறைப்பதில்லை. மறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று ஊருக்கு அறிவிக்கிறது.' எழுதியதோடு நிற்காமல், ஒரு பிரதியை வார்டனம்மா கையிலேயே கொடுத்தார். "அவியளும் வாசகர்தானட்டி."

வார்டனம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை தவிர எதையும் அவர் உடுத்தி யாரும் பார்த்ததில்லை. சாயங்காலம் கூப்பிட்டனுப்பினார். விடுதியை விட்டால் அக்காவுக்குக் கல்லிடைக்குறிச்சி அண்ணன் வீடுதான் கதி. அங்கே பத்திரிகையைப் பார்த்த மைனி அதில் அப்பளம் உலர்த்தியவள். நாங்கள் எல்லோரும் கதவோரம் நின்றோம்.

வார்டனம்மா நாலு தாள்களை நீட்டினார். "மறுப்பு எழுதியிருக்கேன். போடு."

அக்கா நின்றபடியே வாசித்தார். "இதைப் போட முடியாதும்மா."

"என்னையக் குறை சொல்லி எழுதுனதைப் போடுத. நான் எழுதுனா போட மாட்டியோ?"

"இதுல அடக்கம் இருக்கு, ஒழுக்கம் இருக்கு, துணி எங்கனயும் இல்லையே. நீங்க ஏன் வெள்ளையே உடுத்துதிய? அதை எழுதுங்க."

"போச்சு, பெட்டியக் கட்ட வேண்டியதுதான்" என்றாள் என் அறைத்தோழி.

வார்டனம்மா தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுவாரம் புதிதாக எழுதிக் கொடுத்தார். அதுவும் திரும்பிப்போனது, சிவப்பு மையில் ஒரு குறிப்போடு: 'முதல் பத்தி பிரசங்கம். நீக்கவும்.' காலமெல்லாம் பிள்ளைகளின் கட்டுரையில் சிவப்பு மை தீற்றிய கை வார்டனம்மாவுடையது. சாப்பாட்டு மேசையில் வாயில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களில் நாங்கள் வாசலுக்குத் துண்டோடு போனோமா, துண்டில்லாமல் போனோமா என்று பார்க்க விடுதியில் ஆளில்லை.

மூன்றாவதாக வார்டனம்மா எழுதித் தந்தது ஒரே பக்கம்: ஆசிரியப் பயிற்சியில் வெள்ளைச் சேலை கொடுத்தார்கள், உடுத்தினேன். வேலையிலும் அதுவே பழகிவிட்டது. தங்கை கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனபோது, உங்களுக்கு என்ன கலர் காட்டட்டும் என்று கடைக்காரர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வெள்ளையே வாங்கி வந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. இதுதான் கட்டுரை. கடைசி வரி மட்டும் தனியாக: 'துண்டு விதி அப்படியே இருக்கும்.'

அக்கா ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. இதழின் முதல் கட்டுரையாகப் போட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க மறுபடி ஜெராக்ஸ் எடுக்க வேண்டியதாயிற்று. வார்டனம்மா வந்து, கமா ஒன்று விட்டுப்போயிருப்பதாகச் சண்டை பிடித்தார்.

கொஞ்ச காலத்தில் அக்காவுக்கு ராதாபுரத்துக்கு மாற்றல் வந்தது. 'மடிப்பு' அதோடு நின்றது. பஸ் ஏற்றிவிடப் போனபோது, ஜன்னல் வழியே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தப் பச்சையில நீ சிரிச்சமேனிக்கு இருக்கட்டி. யார் எடுத்தது?"

"நானேதான்க்கா."

"அப்படியா" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

இப்போதும் எங்காவது புறப்படும்போது, சேலையைக் கட்டி முடித்துவிட்டு, அக்கா வந்து பார்க்கட்டும் என்பதுபோல் ஒரு நிமிஷம் சும்மா நிற்கிறேன்.