மே பதினேழு பெய்த கதிர்மழை

நிமிடத்துக்கு நானூறில் நிற்க வேண்டிய எண் காலை பத்து மணிக்கு நானூற்று முப்பதைத் தொட்டிருந்தது. அண்டம் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நானூற்று முப்பத்து நான்கு.

"ஒண்ணு மிஷின்ல கோளாறு, இல்லேன்னா வானத்துல கோளாறு," என்றார் பதிவாளர் அம்மாவிடம். "மிஷினைப் பார்த்துக்கறது நான். அப்ப வானம்தான்."

பதிவாளர் அம்மா எதிர் மேசையில் உட்கார்ந்து பதினோரு வருடமாக அந்த எண்களைப் பதிவேட்டில் ஏற்றி வருபவர். "எதுக்கும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்," என்றார்.

பண்ணினார். நானூற்று நாற்பத்தெட்டு.

மூன்றாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்த அந்த ஒற்றை அறைதான் அண்டக்கதிர் நிலையம். விண்வெளியிலிருந்து ஓயாமல் வந்து விழும் கதிர்கள் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதிச் சிதறும். அந்தச் சிதறலில் தப்பிப் பிழைத்துத் தரைவரை வந்து சேரும் நியூட்ரான்களை ஆறு நீளக் குழாய்கள் எண்ணும். குழாய்கள் எண்ணுவதை அண்டம் சார் பார்ப்பார். அண்டம் சார் பார்ப்பதை யாரும் பார்ப்பதில்லை. அதுதான் இப்போது சிக்கலாகிவிட்டது. இந்த நிலையம் இனித் தேவையா, இல்லை இதை மூடிவிட்டு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கலாமா என்று முடிவு செய்ய, தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அம்மா மூன்று மணிக்கு வருகிறார்.

மேலிடத்து ஆள் வந்தால்தான் அந்தக் கட்டடத்தில் துடைப்பத்துக்கு வேலை. நேற்றிலிருந்து மாடிப்படியைத் தேய்க்கிறார்கள், ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். இன்று காலை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவக்கூட ஒரு பிளம்பர் ஏறியிருந்தார்.

அண்டம் சாருக்கு இயக்குநரைப் பற்றிப் பயமே இல்லை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பத்திரிகைத் துண்டு அவருக்குக் காவல் நின்றது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மே பதினேழு. ஐந்து மணி நேரம் எண் எகிறிக் குதித்து இறங்கியது. கழுத்தில் மாலையோடு அவர் படம், மேலே கொட்டை எழுத்தில் 'வானிலிருந்து கதிர்மழை'. அண்டம் சார் என்று பெயர் வந்ததும் அன்றைக்குத்தான். அவருடைய போனைத் திறக்கும் எண்ணும் அந்தத் தேதிதான். கல்யாண நாளை மட்டும் வருடா வருடம் மனைவி நினைவுபடுத்த வேண்டும்.

இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு நிலையத்துக்குப் போன் போட்டார். அங்கே இருப்பவர் பழைய நண்பர்.

"இங்க எல்லாம் அமைதியா இருக்கே," என்றார் நண்பர்.

"அன்னிக்கும் இதையேதான் சொன்னே."

"அன்னிக்கும் அமைதியாத்தான்யா இருந்தது."

"ஒரு தெருவுல மழை பெய்யுது, அடுத்த தெருவுல பெய்யலை. கதிர் மட்டும் ஊர் பூரா பெய்யணுமா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தார். இதையே பன்னிரண்டு பக்கக் கட்டுரையாக எழுதியவர் அவர். மறுத்து யாரும் எழுதவில்லை. படித்தவர்கள் இருந்தால்தானே மறுப்பதற்கு.

அடுத்தபடியாக மனைவி ஞாபகம் வந்தது. அவள் இரண்டு மணி விமானத்தில் அக்கா வீட்டுக்குப் போவதாக இருந்தாள்.

"இன்னிக்கு ஃப்ளைட்ல ஏறாதே. எங்கயோ ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு. மேல போகப்போக காத்து கம்மி, கதிர் ஜாஸ்தி."

"ஏங்க, எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பறப்பதான் உங்க நட்சத்திரம் வெடிக்குமா? உங்க தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப ஒரு மத்தாப்பு கூட வெடிக்கலையே."

"விளையாட்டு இல்லம்மா. எண்ணு ஏறுது."

"எனக்கும்தான் ஏறுது," என்று அவள் போனை வைத்தாள்.

மணி ஒன்றரை ஆனது. இயக்குநர் வரும்போது அறை பளிச்சென்று இருக்க வேண்டாமா? குழாய்களுக்கு மேலே இருந்த பரணில் அலுவலகக் குடிநீர் கேன்கள் பத்து, நிரம்பிய நிலையில் அடுக்கியிருந்தன. அறிவியல் அறையில் தண்ணீர்ப் பந்தலா என்று அத்தனையையும் வராந்தாவுக்கு மாற்றச் சொன்னார். மாற்றி முடித்ததும் எண்ணைப் பார்த்தார். ஐந்நூற்றுப் பத்து.

ஜன்னலுக்கு வெளியே ஏணியில் ஒரு தலை தெரிந்தது. பிளம்பர்.

"சார், தொட்டித் தண்ணி மெதுவா வடியுது. அடி வால்வையும் திறந்துடவா?"

"யோவ், உலகமே எங்கயோ போய்ட்டிருக்கு. எதை வேணா திற, என்னைத் தொந்தரவு பண்ணாதே."

அரை மணியில் அறுநூறு.

இதற்கு மேல் பொறுப்புள்ள மனிதன் சும்மா இருக்க முடியாது. மூன்று மாடி ஆட்களையும் கீழ்த்தள நடைபாதைக்கு இறக்கினார். நாற்பது பேர் ஃபைலும் சாப்பாட்டு டப்பாவுமாக நெருக்கியடித்து நிற்க, அண்டம் சார் படிக்கட்டில் ஏறி நின்று விளக்கினார். அவர் வாழ்நாளில் இத்தனை பேர் அவர் பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன்.

"நம்ம தலைக்கு மேல இருக்கற காத்து மொத்தமும் பத்து மீட்டர் ஆழத் தண்ணிக்குச் சமம். அதுதான் நமக்குக் குடை. கதிர் அளவுக்கு மீறினா காத்துல இருக்கற நைட்ரஜனை உடைக்கும். அதுல உண்டாகற வாயு ஓசோனைத் தின்னும். ஓசோன் போனா சூரியனோட புற ஊதாக்கதிர் நேரா கடல்ல விழும். கடல்ல மிதக்கற பொடிப் பாசி சாகும். பாசியைத் தின்ற மீன் சாகும். அப்புறம் மீனைத் தின்ற..."

"சார்," என்று டிரைவர் கையைத் தூக்கினார். "இதெல்லாம் இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ளயா?"

"சில வருஷம் ஆகும்."

"அப்ப நான் போய் வண்டியைக் கழுவிட்டு வந்துடறேன்."

கூட்டம் கலைவதற்கும் இரண்டு பெண்கள் வாசலில் நுழைவதற்கும் சரியாக இருந்தது. ஒருவர் இயக்குநர் அம்மா. இன்னொருவர் பெட்டியோடு அண்டம் சாரின் மனைவி.

"விமானத்தை விட்டுட்டேன்," என்றாள் மனைவி. "நட்சத்திரத்தைக் காட்டுங்க."

மூவரும் மேலே போனார்கள். அறுநூற்று நாற்பது. இயக்குநர் பையிலிருந்து ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எண்ணையே பார்த்தார். அதிகம் பேசாதவர். அண்டம் சார் குடை, ஓசோன், பாசி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே எண் அறுநூறுக்கு இறங்கியது. பிறகு ஐந்நூற்று எண்பது. கூரைக்கு மேலே தடதடவென்று ஏதோ கொட்டும் சத்தம்.

"மேல என்ன சத்தம்?" என்றார் இயக்குநர்.

"தொட்டியில தண்ணி விடறாங்க மேடம். அது கிடக்கட்டும். இந்தக் காத்து இருக்கே, பத்து மீட்டர் தண்ணிக்குச் சமம். தண்ணி எவ்வளவு நல்ல தடுப்புன்னா... தண்ணி..."

அண்டம் சார் அப்படியே நின்றுவிட்டார். ஐந்நூற்று ஐம்பது. பிறகு ஓடிப்போய் ஏணியில் ஏறினார். ஆளுயரத்தைவிட ஆழமான தொட்டி, அளந்து வைத்ததுபோல் ஆறு குழாய்களுக்கும் நேர் மேலே உட்கார்ந்திருந்தது. மிதவை வால்வு போட்ட தொட்டி. அதனால் வருடம் முழுக்கத் தளும்பத் தளும்ப ஒரே அளவில் நிற்கும். கழுவும்போது மட்டும்தான் காலி.

இறங்கி வந்தபோது அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை. பொய் சொல்வது அவருக்கு வராது. தப்பாகச் சொல்வது மட்டும்தான் வரும்.

"மேடம், நட்சத்திரமும் இல்லை, சூரியனும் இல்லை. தொட்டியைக் காலி பண்ணதால ஒரு தடுப்பு போச்சு. பரண்ல இருந்த தண்ணி கேனையும் நானே எடுத்து வெளிய வெச்சேன். அந்த வால்வைத் திறக்கச் சொன்னதும் நான்தான். நாற்பது பேரை வெட்டியா நிக்க வெச்சேன். இவளை ஃப்ளைட்ல போக விடாம பண்ணேன். எல்லாம் என் தப்பு."

அவர் மனைவி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். கணவர் 'என் தப்பு' என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

இயக்குநர் சிரித்தார். "நான் மூடறதா முடிவு பண்ணித்தான் வந்தேன். கையெழுத்துதான் பாக்கி." அவர் பார்வை சுவரிலிருந்த சட்டத்துக்குப் போயிற்று. "ஆனா அதைப் பத்தி நீங்க எழுதின கட்டுரையை ராத்திரி உக்காந்து படிச்சேன். பன்னிரண்டு பக்கமும்."

அண்டம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருடத்தில் முதல் வாசகி.

"இன்னிக்கு நடந்தது தொட்டி மேடம்," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "அன்னிக்கு நடந்தது வானம். அதுல எனக்குத் துளி சந்தேகம் கிடையாது."

"அதான் நானும் யோசிச்சேன். நிஜமா ஒரு கதிர்மழையைப் பிடிச்ச நிலையம். தன் தப்பைப் பத்து நிமிஷத்துல தானே கண்டுபிடிச்சு ஒத்துக்கற ஆளு. இதை எப்படி மூடறது?" என்று ஃபைலைத் திறந்து, 'மே 17 நிகழ்வைக் கருதி நிலையம் தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எண் நானூற்றுப் பதினைந்தில் இருந்தது. பதிவாளர் அம்மா சந்தோஷமாகப் பதிவேட்டை எடுத்தார். மனைவி கணவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அடுத்த விமானம் ஏழு மணிக்கு இருந்தது.

வாசலில் சிவப்புப் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகப் பிளம்பர் வந்து நின்றார்.

"தொட்டி ரெடி சார். கழுவின தேதியைத் தொட்டி மேல எழுதிடுவோம், அது எங்க வழக்கம். பின்பக்கம் போன தடவை எழுதினது இருக்கு. அதை அழிச்சுட்டு எழுதவா, கீழயே எழுதவா?"

அண்டம் சாருக்கு இப்போது ஊரையே அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. "பழசை எதுக்குய்யா அழிக்கறே, அது பாட்டுக்கு இருக்கட்டும். போன தடவை யாரு கழுவினது?"

"நான்தான் சார், ஒம்பது வருஷம் இருக்கும். அன்னிக்கும் யாரோ பெரிய ஆபீசர் வராங்கன்னுதான் அவசரமாக் கூப்பிட்டாங்க. மே பதினேழுன்னு போட்டிருக்கேன்."